கடலைப் படிக்க எங்கே போவது: தொண்டியா, தூத்துக்குடியா, பரங்கிப்பேட்டையா?

மண்டபம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறேன். தேர்வு முடிவு வந்த வாரத்தில் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் காலேஜ் சார் நல்ல காலேஜ்?" நீட் எழுதியவர்களுக்கு அவர்கள் பாதை தெரியும். பொறியியல் போகிறவர்களுக்குக் கலந்தாய்வு இருக்கிறது. உயிரியல் பிரிவில் மிச்சம் இருக்கிற பிள்ளைகளில் சிலர், "கடல் சம்பந்தமாப் படிக்கலாமா சார்?" என்று தயங்கிக்கொண்டே வருவார்கள். கூட வந்த அம்மா உடனே மறிப்பார்: "இவங்க அப்பா தினம் போற கடல்தானே சார், அதுக்கு எதுக்குக் காலேஜு?"

அந்த அம்மாவின் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லாமல் கல்லூரிப் பெயர்களை அடுக்குவதில் பயன் இல்லை. என் பதில் இதுதான்: ஒரே கடலை எத்தனை துறைகள் எத்தனை விதமாகப் பார்க்கின்றன என்பதைக் கேட்கத்தான் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். அந்தப் பல குரல்களும் உங்கள் பிள்ளையின் காதில் விழுகிற இடம்தான் அவனுக்கோ அவளுக்கோ நல்ல இடம். தேசியத் தரவரிசைப் பட்டியல் இதைச் சொல்லாது. அதில் கற்பித்தலுக்கு 30, ஆராய்ச்சிக்கு 30 என்று மதிப்பெண் போடுகிறார்கள், சரி. ஆனால் அந்தத் துறைக்குச் சொந்தமாகப் படகு இருக்கிறதா என்று அதில் கட்டம் கிடையாது.

பல குரல் என்று சொல்வது காற்றில் போய்விடக் கூடாது. நம் கரையிலேயே நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

பெப்சி பாசியின் கதை

மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி நம் பெண்கள் தலைமுறையாக மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் கட்டக்கோரையும் எடுத்து வந்தார்கள். 1986-இல் அங்குள்ள 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. தீவுப் பக்கம் போவதே குற்றம் என்றானது. அப்புறம் வந்தது கப்பாபைகஸ். பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கடலைச் சேர்ந்த இந்தப் பாசியை இங்கே வளர்க்கும் முறையை மண்டபத்தில் இருக்கும் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் உருவாக்கியது. 2000-க்குப் பிறகு பெப்சி நிறுவனம் இதில் இறங்கியதால் ஊரில் இதற்குப் பெயரே பெப்சி பாசி. மூங்கில் மிதவையில் நாற்றுப் பாசியைக் கட்டி விட்டால் 45 நாளில் பல மடங்காக வளரும். அதைக் காய வைத்து விற்றால், ஐஸ்கிரீமிலிருந்து பற்பசை வரை கெட்டிப்படுத்தப் பயன்படும் காராஜீனன் அதிலிருந்து எடுக்கப்படும். சுய உதவிக் குழுப் பெண்கள் கைக்குக் காசு வந்தது.

2008-இல் வேறு ஆய்வாளர்கள் இன்னொரு செய்தியை எழுதினார்கள். குருசடைத் தீவுப் பக்கம் இதே பாசி உயிருள்ள பவளப்பாறை மீது படர்ந்து அதை மூடுகிறது என்றார்கள். வளர்க்கச் சொன்னவர்கள் ஒரு பக்கம், எச்சரித்தவர்கள் ஒரு பக்கம். இரண்டு பேரும் விஞ்ஞானிகள், இரண்டு பேரிடமும் தரவு இருந்தது. பிறகு கடல்நீர் சூடேறிய வருடங்களில் மிதவைகளில் இருந்த பாசி வெளுத்து அழுகியது. இப்போது தொண்டிப் பக்கம் வலமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பில் கடற்பாசிப் பூங்கா வருகிறது. 2023-இல் அடிக்கல் நாட்டினார்கள்.

இந்த ஒரு பாசியை முழுதாகப் புரிந்துகொள்ள எத்தனை துறை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பாசி வளர்வதைச் சொல்லத் தாவரவியல், காராஜீனனுக்கு வேதியியல், பவளப்பாறைக்குச் சூழலியல், நீரின் சூட்டைச் சொல்லக் கடல் இயற்பியலும் செயற்கைக்கோள் படமும். கிலோவுக்கு என்ன விலை, அதில் கட்டிய பெண்ணுக்கு எவ்வளவு போகிறது என்பதற்குப் பொருளியல் வேண்டும். தீவுக்குப் போன அம்மாவை வனத்துறை பிடித்தால் அது சட்டத்துறை விஷயம். தாவரவியல் மட்டும் கேட்ட பிள்ளை பாதிக் கதையோடு வீட்டுக்கு வரும். அப்பா தினம் கடலுக்குப் போகிறார், உண்மைதான். அவருக்குத் தெரிந்தது ஒரு பெரிய அறிவு. ஆனால் வலமாவூரில் என்ன வளர்ப்பது, எங்கே வளர்ப்பது என்று கூடி முடிவெடுக்கும்போது அவர் பக்கம் நின்று பேச இத்தனையும் கேட்டு வளர்ந்த பிள்ளை ஒன்று வேண்டும்.

இந்த அளவுகோலோடு இடங்களைப் பார்ப்போம்.

தொண்டி

1985-இல் தொடங்கிய காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்துக்குத் தொண்டியில் தனி வளாகம் உண்டு. கடலியல் மற்றும் கடலோரப் பகுதி ஆய்வுத் துறை அங்கேதான் இருக்கிறது. நம் மாவட்டத்துக்குள்ளேயே, பாக் நீரிணைக் கரையிலேயே இப்படி ஒரு துறை இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது என்பது எனக்குத் தீராத வருத்தம். நம் பெரியவர்கள் பெண் கடல் என்று சொல்கிற அமைதியான, ஆழம் குறைந்த கடல் அது. கடற்புல் வெளிகள், அதை மேய வரும் ஆவுளியா என்கிற கடற்பசு, சேறு, உப்பங்கழி எல்லாம் வகுப்பறையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. தெற்கே ஆண் கடலையும் தீவுகளையும் பார்க்க வேண்டுமென்றால் மண்டபத்துக்கு ஒரு பேருந்து. இரண்டு வெவ்வேறு கடல்களை இவ்வளவு அருகருகே வைத்துப் படிக்கிற வசதி இந்தியாவில் அதிக இடங்களில் கிடைக்காது.

செலவும் குறைவு. வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்துவிடலாம். பெண் பிள்ளைகளை வெளியூர் அனுப்பத் தயங்குகிற வீடுகளுக்கு இது பெரிய விஷயம்.

குறை எங்கே என்றால், மற்ற துறைகள் எல்லாம் காரைக்குடியில் இருக்கின்றன. உயிரித் தொழில்நுட்பம், இயற்பியல், மேலாண்மை, பெரிய நூலகம் எல்லாம் அங்கே. தொண்டியில் உட்கார்ந்திருக்கிற மாணவன் பொருளியல் பேராசிரியர் ஒருவரைத் தற்செயலாக டீக்கடையில் சந்திக்க வாய்ப்பு இல்லை. அவனேதான் மெனக்கெட்டுப் போக வேண்டும். போனால் பலன் உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், நாம் சிக்ரி என்கிறோமே அதுதான், 1953 முதல் காரைக்குடியில் இருக்கிறது. உலோகம் கடற்காற்றில் எப்படித் துருப்பிடிக்கிறது என்று பார்க்க மண்டபத்தில் அவர்களுக்கு ஒரு சோதனை நிலையமே உண்டு. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் கடைசி வரை துருவோடு போராடியதை நாம் கண்ணால் பார்த்தவர்கள். கடல் படிப்பு என்றால் மீனும் பாசியும் மட்டும்தான் என்று நினைக்கிற பிள்ளைகளிடம் இதை நான் கட்டாயம் சொல்வேன்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தொண்டி, இளங்கலை முடித்த பிறகு போகிற இடம். முதல் மூன்று வருடம் ராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரி, பரமக்குடி, ராமேஸ்வரம், கீழக்கரை என்று பக்கத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியலோ தாவரவியலோ வேதியியலோ படித்துவிட்டு வரலாம். அந்தக் கல்லூரிகளும் அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவைதான்.

தூத்துக்குடி, அதாவது மீன்வளப் படிப்பு

இது வேறு வகை. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977-இல் தொடங்கியது. இப்போது நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2012-இல் உருவான தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. பொன்னேரியிலும் தலைஞாயிறிலும்கூட அதற்குக் கல்லூரிகள் உண்டு. அங்கே தருகிற பி.எஃப்.எஸ்சி., அதாவது மீன்வள அறிவியல் இளங்கலைப் பட்டம், நான்கு வருடத் தொழிற்படிப்பு. நீட் வேண்டாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் போதும்.

இந்தப் படிப்பின் சிறப்பு, பல துறைகளையும் ஒரே பட்டத்துக்குள் கட்டாயமாகத் திணித்திருப்பது. மீன் வளர்ப்பு, மீன் நோய், நீர்ச்சூழல், வலையும் படகும், பதப்படுத்துதல், மீன்வளப் பொருளாதாரம், விரிவாக்கம் என்று எல்லாமே எல்லோருக்கும் உண்டு. மீனவர் கிராமத்தில் தங்கி வேலை கற்கிற பகுதியும் இருக்கிறது. "எனக்கு மீன் மட்டும்தான் பிடிக்கும், கணக்கு வேண்டாம்" என்று அங்கே தப்பிக்க முடியாது.

வேலை விஷயத்திலும் இதுதான் பலம். அரசு வங்கிகளின் வேளாண் அலுவலர் தேர்வை எழுத மீன்வள அறிவியலில் நான்கு வருடப் பட்டம் செல்லும். மூன்று வருட விலங்கியல் பட்டம் செல்லாது. இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால் பட்டம் வாங்கிய பிறகு முழித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். மீன்வளத் துறை, இறால் பண்ணை, தீவனக் கம்பெனி, ஏற்றுமதிக் கம்பெனி என்று மற்ற வாசல்களும் உண்டு.

என் தயக்கம் ஒன்றுதான். இந்தப் பல்கலைக்கழகம் முழுக்க மீன்வளத்துக்கே ஆனது. அங்கே கேட்கிற குரல்கள் பலவானாலும் எல்லாமே உற்பத்தியை எப்படிக் கூட்டுவது என்ற திசையில்தான் பெரும்பாலும் பேசும். வரலாற்றுத் துறையோ மானிடவியல் துறையோ மொழித் துறையோ அடுத்த கட்டடத்தில் கிடையாது. இது அந்தக் கல்லூரியின் தவறு இல்லை, அதன் நோக்கமே அதுதான். குறிப்பிட்ட தொழிலில் இறங்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. 2010-இல் மண்டபம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இந்தியாவிலேயே முதல்முறையாகக் கடல் விரால் மீனைத் தூண்டுதல் முறையில் குஞ்சு பொரிக்க வைத்தது. இன்றைக்கு நம் கடலில் மிதக்கிற கூண்டுகள் அதன் தொடர்ச்சி. அந்த வேலைக்கு ஆள் வேண்டும். அந்த ஆள் நம் ஊர்ப் பிள்ளையாக இருக்கட்டும்.

பரங்கிப்பேட்டை

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாற்று முகத்துவாரத்தில் இருக்கிறது. 1961 முதல் நடக்கிறது. ஆராய்ச்சிதான் வேண்டும், நுண்ணோக்கியும் கையுமாக உட்கார்ந்து வாழ்நாளைக் கழிப்பேன் என்கிற பிள்ளையை நான் இங்கே அனுப்புவேன். மிதவை உயிர்கள், அடிமண் உயிர்கள், அலையாத்தி, கடல் உயிரிகளிலிருந்து கிடைக்கும் மருந்துப் பொருள் என்று இங்கே நடக்கும் ஆய்வின் விரிவு பெரிது. பக்கத்திலேயே பிச்சாவரம் காடு. சிதம்பரம் வளாகத்தில் வேளாண்மை, பொறியியல், மொழியியல், இசை வரை உண்டு. 2013-இல் அரசு இந்தப் பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

இங்கே நடந்த ஒரு விவாதத்தை வகுப்பில் அடிக்கடி சொல்வேன். 2004 சுனாமிக்குப் பிறகு, பரங்கிப்பேட்டைக் கரையோரக் குடியிருப்புகளை அளந்து, அலையாத்திக் காடு இருந்த இடங்களில் உயிர்ச்சேதம் குறைந்தது என்று இந்த மையத்து ஆய்வாளர்கள் எழுதினார்கள். உலகமே எடுத்துப் பேசிய கட்டுரை அது. மறு வருடமே வெளிநாட்டு ஆய்வாளர்கள் சிலர் அதே தரவை எடுத்து, கடலிலிருந்து ஊர் எவ்வளவு தூரம், தரை எவ்வளவு மேடு என்பதே காரணமாக இருக்கலாம், காட்டின் பங்கை இந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது என்று மறுத்தார்கள். அந்த மறுப்பைப் படித்துவிட்டு மறுபடியும் சேற்றில் இறங்கி அளக்கத் தயாராக இருக்கிற பிள்ளைக்குத்தான் ஆராய்ச்சி.

தூரம்தான் சிரமம். போட் மெயில் சிதம்பரம் வழியாகப் போகிறது என்பது ஆறுதல். ஆய்வுப் பட்டம் வரை போனால்தான் இந்தப் படிப்புக்கு முழு மதிப்பு என்பதையும் வீட்டில் முதலிலேயே பேசிவிட வேண்டும். இருபத்தொரு வயதில் சம்பாதிக்க வேண்டிய நிலைமை இருந்தால் இந்தப் பாதை பிள்ளையை மிகவும் வருத்தும்.

மற்றவை

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கு நம் புதுமடத்தில் ஒரு கடலோர ஆய்வு நிலையம் உண்டு. மரபணு, உயிரியல் பக்கம் பேர் வாங்கிய பல்கலைக்கழகம் அது. திருச்சி பாரதிதாசனில் கடல் அறிவியல் துறையும், செயற்கைக்கோள் படங்களை ஆராயும் தொலையுணர்வுத் துறையும் ஒரே பல்கலைக்கழகத்தில் இருப்பது நான் மேலே சொன்ன அளவுகோலுக்கு நன்றாகப் பொருந்துகிறது. குமரி மாவட்டம் ராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் மையம் இருக்கிறது. பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் துறை அந்தமானில், போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்). துணிச்சலான பிள்ளைக்கு அருமையான இடம். கப்பல் படிப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். அது மாலுமி வேலை, இந்தக் கட்டுரையின் விஷயம் வேறு.

கலைப் பிரிவுப் பிள்ளைகளை இந்தப் பேச்சில் யாரும் சேர்ப்பதில்லை, எனக்கு அதில் கோபமே உண்டு. அழகன்குளத்தில் ரோமானிய நாணயம் கிடைத்தது. பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகளைத் தோண்டி எடுத்தது தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம். அங்கே கடல்சார் வரலாற்றுக்கென்றே துறை இருக்கிறது. கச்சத்தீவு பற்றி 1974-லும் 1976-லும் போட்ட ஒப்பந்தங்கள் இன்றுவரை நம் வீட்டு ஆண்கள் சிறைக்குப் போய் வருவதோடு சேர்ந்தே பேசப்படுகின்றன. அதைப் படித்து வாதாடப் போகிறவர் ராமநாதபுரம் அரசு சட்டக் கல்லூரியில் சேர்ந்த ஒரு மீனவர் மகளாக ஏன் இருக்கக் கூடாது? அவளும் கடலைப் படித்தவள்தான்.

யாருக்கு எது

என் கருத்தை மழுப்பாமல் சொல்கிறேன். பிள்ளைக்குக் கடல் பிடிக்கும், ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை என்றால், பக்கத்து அரசுக் கல்லூரியில் அடிப்படை அறிவியல் ஒன்றை எடுத்துவிட்டுப் பிறகு தொண்டிக்கோ திருச்சிக்கோ போகட்டும். நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாமே திருச்சியில் இயற்பியல் முடித்த பிறகுதான் சென்னையில் விமானப் பொறியியலுக்குப் போனார். பதினேழு வயதில் எல்லாம் முடிவாகிவிட வேண்டியது இல்லை. வீட்டு வருமானம் நெருக்குகிறது, பட்டம் முடிந்ததும் வேலை வேண்டும் என்றால் பி.எஃப்.எஸ்சி.தான், இரண்டாவது யோசனையே வேண்டாம். கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிற, புத்தகத்தை விடாத பிள்ளைக்குப் பரங்கிப்பேட்டை.

எங்கே போனாலும் சேருவதற்கு முன் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். பேராசிரியர் பணியிடங்களில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்று கேளுங்கள். மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நாற்காலிகள் காலியாக இருக்கின்றன, பெயர்ப் பலகையை நம்ப முடியாது. மூத்த மாணவர்களிடம், கடைசிப் பருவ ஆய்வுத் திட்டத்தை எங்கே செய்தீர்கள் என்று விசாரியுங்கள். மண்டபம் மீன்வள நிலையத்துக்கோ வேறு ஆய்வகத்துக்கோ போய் வந்தவர்கள் இருந்தால் நல்ல அறிகுறி. ஒரே துறைக்குள்ளேயே, பழைய தலைப்பையே மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தால் வேறு இடம் பாருங்கள். கடலில் இறங்கும் களப்பணிக்குப் பெண் பிள்ளைகளையும் கூட்டிப் போகிறார்களா என்பதைத் தனியாகக் கேளுங்கள். கரையில் நின்று பேர் எழுதச் சொல்லிவிட்டு ஆண் பிள்ளைகளை மட்டும் படகில் ஏற்றுகிற இடத்துக்கு நம் பெண்களை அனுப்ப வேண்டாம்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பிள்ளைகளுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் உண்டு. மீன்வளப் படிப்பும் அதில் அடக்கம், கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1000 ரூபாய் வருகிறது. மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கு இணையத்தில் தனி விண்ணப்பம். பொறியியல் கலந்தாய்வு முடியட்டும் என்று காத்திருந்து தேதியை விட்டுவிடாதீர்கள். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழ் எல்லாவற்றையும் முடிவு வருவதற்கு முன்பே எடுத்து வையுங்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரியவில்லை என்றால் பள்ளிக்கு வாருங்கள், விடுமுறையிலும் யாராவது ஓர் ஆசிரியர் இருப்போம்.